புது மாவின் கசப்பு

போன வாரமெல்லாம் பெக்கானியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, அதை அவன் கடைசி வரை எடுக்கவில்லை. உம்லாசியிலிருந்து டர்பன் டவுனுக்கு வேன் டாக்ஸி ஓட்டுகிறவன் அவன். போன் அடித்தால் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுகிற ரகம். ஆராய்ச்சிக் கிளினிக்கின் நர்ஸ் அலுத்துப்போய், நேற்று அவன் அக்கா தோபிலேயைக் கூப்பிட்டாள்.

“உங்க தம்பி ரத்தப் பரிசோதனையில ஈரல் சரியில்லைன்னு வந்திருக்கு. நாளைக்குக் காலையில கட்டாயம் கூட்டிக்கிட்டு வாங்க.”

அந்த நாளைதான் இன்றைக்கு விடிந்திருக்கிறது. அதுவும் மலைப்பக்கமிருந்து சூடான காற்றைக் கிளப்பிக்கொண்டு, தெருக் குப்பையையெல்லாம் வாரி இறைத்துக்கொண்டு விடிந்திருக்கிறது. இந்தக் காற்று அடிக்கிற நாளில் உம்லாசியில் நல்ல மனுஷர்களே எரிந்து விழுவார்கள். தோபிலேயைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அவள் தலை பின்னுகிறவள். டீச்சரம்மா கூமேடே காலையிலேயே வந்து உட்கார்ந்திருந்தார். இடது பக்கம் பின்னி முடித்து, வலது பக்கத்தில் சீப்பை வைத்தவள் மணியைப் பார்த்தாள்.

“ஒரு மணி நேரத்துல வந்துடறேன் டீச்சர்.”

“பாதித் தலையோட என்னை உக்கார வெச்சுட்டா போறே?”

“கண்ணாடியைத் திருப்பி வெச்சுட்டுப் போறேன்.”

பெக்கானிக்கு எச்.ஐ.வி. இருப்பது வீட்டில் அம்மா மாசெலேக்கும் இந்த அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். பழைய மாத்திரைகளை அவன் போட்டதும் உண்டு, விட்டதும் உண்டு. காதலி பார்த்துவிடுவாள் என்று கொஞ்ச காலம் விட்டான். ஸ்டியரிங்கில் தூக்கம் வருகிறது என்று கொஞ்ச காலம் விட்டான். விட்டு விட்டுப் போட்டதில் கிருமிக்கு எல்லா மருந்தும் பழகிப்போய், எதுவும் பிடிக்காமல் போயிற்று. தோபிலேதான் அவனைத் தரதரவென்று இழுத்துப்போகாத குறையாகக் கொண்டுபோய், புது மருந்தைச் சோதித்துப் பார்க்கிற அந்தக் கிளினிக்கில் சேர்த்தாள்.

புது மருந்து கேட்டது. ஒட்டிப்போன கன்னம் திரும்பி வந்தது. ரத்தத்தில் கிருமி தேடினாலும் அகப்படாத அளவுக்கு அடங்கிப்போனது. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தப் போன் அடிக்கிற வரைக்கும்.

டாக்டர் மக்கானியா பார்க்கச் சின்னப் பெண். பேச்சில் மட்டும் பெரிய மனுஷித்தனம். பெக்கானியின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திருப்பி வைத்து இன்னொரு தரம் பார்த்தார்.

“லேசா மஞ்சள் தட்டுது. குடிச்சீங்களா?”

“என் வண்டியில ஒரு நாள் வந்து பாருங்க டாக்டர். நான் குடிக்கறது தண்ணியும் பாசஞ்சருங்க திட்டும்தான்.”

“வேற மாத்திரை? தலைவலிக்கு, காய்ச்சலுக்கு?”

“இல்ல.”

“நாட்டு மருந்து? கஷாயம், பொடி, வயித்தைக் கழுவறது?”

“சின்ன வயசுல அம்மா பிடிச்சு வெச்சு கழுவி விட்டாங்க. அன்னையிலேர்ந்து அந்தப் பக்கமே போறதில்ல.”

டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவை மூடினார்.

“அப்போ நான் சந்தேகப்பட வேற எதுவும் மிச்சமில்ல. இந்த மருந்துதான். மாத்திரை டப்பாவைக் குடுங்க.”

அவன் சட்டைப் பையிலிருந்து எடுத்தான். எடுத்தவன் உடனே கொடுத்துவிடவில்லை. டப்பாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தான். அவள் வேறு பக்கம் பார்த்தாள். பிறகுதான் நீட்டினான்.

“மூணு மணிக்கு நான் மேலிடத்துக்குப் பேசணும், அப்ப வந்துடுங்க” என்றார் டாக்டர். “மருந்துதான் காரணம்னு சொல்லிட்டா, உங்களுக்கு இது இனிமே கிடையாது. உங்களோட சேந்து போட்டுக்கிட்டிருக்கறவங்களுக்கும் நிறுத்தச் சொல்லிடலாம்.”

“எனக்கு வேற மருந்து இருக்கா டாக்டர்?”

“தேடறேன்.”

தேடி எடுக்க அலமாரியில் எதுவும் இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

வெளியே வந்ததும் தோபிலே பிடித்துக்கொண்டாள்.

“உண்மையைச் சொல்லு. சனிக்கிழமை அந்தத் தடிப்பசங்களோட பீர் குடிச்சே.”

“குடிக்கலக்கா.”

“பொய் சொல்லாதே. டப்பாவைப் பிடுங்கி வெச்சுக்கிட்டாங்க. இப்பவாவது வாயைத் திற.”

“எத்தனை தடவை சொல்றது? காலையில வண்டி எடுக்கறப்ப அம்மா குடுக்கற கூழு. ராத்திரி வந்தா அதே கூழு. நடுவுல தண்ணி. போதுமா?” அவன் சாவியைச் சுழற்றிக்கொண்டே நடந்தான். “அந்தக் கூழையும் இப்பல்லாம் வாயில வைக்க முடியல. ஒரே கசப்பு. கேட்டா புது மாவுங்கறாங்க.”

தோபிலே நின்றுவிட்டாள்.

“எத்தனை நாளா கசக்குது?”

“யாருக்குத் தெரியும். கொஞ்ச நாளாவே.” அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கிளினிக்கிலிருந்து ஒரு தெரு தள்ளி, தெரிந்த கண் எதுவும் படாத இடத்தில்தான் எப்போதும் வண்டியை நிறுத்துவான். “மூணு மணிக்கு வந்தாலும் வருவேன், வராமலும் இருப்பேன். இனிமே வந்துதான் என்னாகப் போவுது?”

வண்டி போய்விட்டது. தோபிலேயின் கைப்பையில் போன் அடித்தது. டீச்சரம்மா.

“கண்ணாடியை நானே திருப்பிப் பாத்துட்டேன்” என்றது குரல். “எப்ப வரே?”

அவளுக்கு என்ன பதில் சொன்னோம் என்பதே நினைவில்லை. அடுத்த வண்டியைப் பிடித்து நேரே அம்மா வீட்டுக்குப் போனாள்.

மாசெலே முற்றத்தில் இருந்தாள். காயப்போட்ட துணிகளைக் காற்று கொண்டுபோகாமல் ஒன்றுக்கு இரண்டாகக் கிளிப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

“டாக்டர் என்னடி சொன்னாங்க?”

தோபிலே நிற்காமல் சமையலறைக்குள் போனாள். மாவு டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தாள். வெறும் மக்காச்சோள மாவு. பழைய மாவுதான், கசப்பும் இல்லை. அடுப்படி அலமாரியை இழுத்தாள், பானைகளுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். ஒன்றும் இல்லை.

பாக்கி இருந்தது ஒரே இடம். அம்மாவின் படுக்கையறையில், கதவிலிருந்து தள்ளி, முன்னோருக்கென்று ஒதுக்கிய மூலை. பெரியவர்களைத் தவிர யாரும் அங்கே கைவைப்பதில்லை. நாற்பதைத் தொடப்போகும் தோபிலே இன்று வரை வைத்ததில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, முன்னோருக்குப் படைக்கிற பீர்ப் பானைக்குப் பின்னாலிருந்த துணியை விலக்கினாள்.

கூல்டிரிங்க் பாட்டில் ஒன்று இருந்தது. உள்ளே காப்பிக் கஷாயம் போல் கறுப்பாக ஏதோ பாதிக்கு மேல் நின்றது. மூடியைத் திருகினாள்.

அந்த வாசனை அவளுக்குத் தெரியும். இம்பீசா. வேரும் பட்டையும் போட்டுக் காய்ச்சிய கஷாயம். பள்ளிக்கூடப் பையோடு அவள் நுழையப் பயந்து நின்ற அறையில், பெரிய அண்ணன் படுத்திருந்த அறையில், இரவும் பகலும் இதே வாசனைதான்.

“அதை எடுத்த இடத்துல வை.”

மாசெலே வாசலில் நின்றாள். கையில் இன்னும் இரண்டு கிளிப்புகள் இருந்தன.

“அவன் கூழ்ல இதைத்தான் ஊத்தினியா?”

“மெதுவாப் பேசு. எங்க உக்காந்திருக்கேன்னு பாத்துப் பேசு.”

“ஊத்தினியா இல்லையா?”

“ஊத்தினேன்.” மாசெலே நிமிர்ந்துதான் சொன்னாள். “நல்ல கைராசிக்காரி குடுத்தது. பாலத்துச் சந்தையில முப்பது வருஷமா உக்காந்திருக்கா.”

“எப்பலேர்ந்து?”

“அவன் புது மாத்திரை போட ஆரம்பிச்சதுலேர்ந்து.”

“ஏம்மா இப்படிப் பண்ணினே?”

“ஏன்னா கேக்கறே? சோதிச்சுப் பாக்கறாங்கன்னு நீதானே சொன்னே. சோதிக்கறாங்கன்னா என்ன அர்த்தம், அவங்களுக்கே தெரியாதுன்னுதானே அர்த்தம்? அவங்களுக்கே தெரியாததை என் பிள்ளை வயித்துல போடுவாங்க, நான் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பேனா? உடம்பைக் கழுவி விட ஒண்ணு வேணும்ல? அவன் கன்னம் திரும்பி வந்தது மாத்திரையாலதான்னு நீ சொல்லிக்கிட்டிருக்கே. நான் ஒண்ணும் சொல்லல. சிரிச்சுக்கிட்டேன்.”

தோபிலேக்குக் கோபம் தலைக்கேறியது. “சிரிச்சியா? அவன் ஈரல் கெட்டுப்போச்சும்மா. கண்ணு மஞ்சளாயிடுச்சு. மாத்திரை டப்பாவைப் பிடுங்கி வெச்சுக்கிட்டாங்க. மருந்து மேல பழியைப் போட்டு மூணு மணிக்கு ஒரேயடியா நிறுத்தப் போறாங்க. அது போச்சுன்னா அவனுக்கு வேற கதி இல்ல.”

“இது கெடுக்காது.”

“கெடுத்திருக்கு.”

“கெடுக்காதுடி. ஸ்வெலாக்கே படுத்தப்ப கூட இதைத்தானே நான்...”

மாசெலே மகளின் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள்.

ஸ்வெலாக்கேயைப் பற்றி இந்தக் கதையில் இதுவரை இரண்டு வரிதான் எழுதியிருக்கிறேன். இந்த வீட்டிலும் அவனைப் பற்றி அவ்வளவுதான் பேசுவார்கள். தலைப்பிள்ளை. அரசாங்க ஆஸ்பத்திரியில் இந்த நோய்க்கு மாத்திரையே கொடுக்காத காலத்தில் படுத்தான். ஊரில் பீட்ரூட் சாப்பிடு என்றார்கள், பூண்டு சாப்பிடு என்றார்கள். மாசெலே சந்தைக்கு நடந்தாள். கஷாயத்தைக் காய்ச்சி, தலையைத் தூக்கிப் பிடித்து, தன் கையால் புகட்டினாள். போன பிறகு ஊரே சொன்னது, பெற்றவள் ஒரு குறையும் வைக்கவில்லை என்று. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷமும் அவள் எழுந்து நடமாடினாள்.

கிளிப்புகள் கையிலிருந்து கீழே விழுந்தன. அவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

“அவன் கண்ணும் மஞ்சளாத்தான் இருந்துச்சு” என்றாள்.

தோபிலேயின் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. ஐயோ, இதை ஏன் சொன்னோம் என்று இருந்தது.

“அது வேற, இது வேறம்மா. அவனுக்கு அப்போ மாத்திரையே கிடையாது.”

“ம்.”

“எத்தனையோ நோய் சேந்து வந்துச்சு அவனுக்கு. உனக்குத் தெரியாதா?”

“ம்.”

“இதோ பாரு. நீ எங்கயும் வர வேணாம். நான் போய், நான்தான் வாங்கிக் குடுத்தேன்னு டாக்டர்கிட்ட சொல்லிடறேன். அவங்களுக்குத் தேவை, கஷாயம் உள்ள போச்சுங்கற சேதிதான். யார் குடுத்தா என்ன? நீ ஒண்ணும் குடுக்கல. சரியா?”

தோபிலே ஒரு பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லிக் கரை சேராதவள். ஆனாலும் அந்த நிமிஷம் அம்மாவைக் காப்பாற்ற அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

மாசெலே எழுந்து தலைத்துணியைப் புதிதாகக் கட்டினாள். துக்க வீட்டுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் போகும்போது போடுகிற சால்வையை எடுத்துத் தோளைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள். மூலையைப் பார்த்துக் குனிந்து, அங்கே இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொண்டாள்.

“கிளினிக்குக்குப் போயிட்டு வர்றேன். ஒண்ணு கேக்க வேண்டியிருக்கு.”

பாட்டிலை மகளிடமிருந்து வாங்கித் தன் சால்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

தெரு முனையில் காற்று கண்ணில் மண்ணை வாரிப் போட்டது. மாசெலே ஆட்காட்டி விரலை வானத்துக்கு நீட்டினாள். டவுன் பக்கம் போகிற டாக்ஸிக்கு அதுதான் சைகை. ஒன்று நிற்காமல் போனது. அடுத்தது பாட்டு அதிர வந்து நின்றது. ஓட்டி வந்தவன் பெக்கானி.

“எங்க வீட்டு இன்ஸ்பெக்டர் ஏறறாங்க, எல்லாரும் ஒழுங்கா உக்காருங்க” என்றான். முன் சீட்டில் இருந்த இளைஞனைப் பின்னால் அனுப்பிவிட்டு அம்மாவை உட்கார வைத்தான். குரலில் குறும்பு இருந்தது, முகத்தில் இல்லை. “எங்க போகணும்மா?”

“கிளினிக் வாசல்ல நிறுத்து.”

அவன் சட்டென்று கண்ணாடியில் அக்காவைப் பார்த்தான். வண்டி நிறைய ஆட்கள். எதையும் கேட்க முடியாது. கியரை மாற்றினான்.

இரண்டு திருப்பம் போவதற்குள் பின்னாலிருந்து ஒரு பருத்த பெண்மணி மூக்கை உறிஞ்சினாள்.

“யாரும்மா இம்பீசா கொண்டு போறது? நீங்களா? எந்தக் கடை? என் வீட்டுக்காரரை எழுப்பி உக்கார வெச்சது அதுதான்.”

“இது விக்கறது இல்லம்மா” என்றாள் மாசெலே.

“விக்க வேணாம், கடையைச் சொல்லுங்க.”

மாசெலே சால்வையை இறுக்கிக்கொண்டாள். அப்படியும் பாட்டிலின் கழுத்து வெளியே தெரிந்தது. பெக்கானி சாலையைப் பார்த்தான், பாட்டிலைப் பார்த்தான், மறுபடி சாலையைப் பார்த்தான். அவனுக்கும் மூக்கு உண்டே. தினமும் இரண்டு வேளை விழுங்கிய கசப்பு அல்லவா. கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினான்.

வழக்கமாக ஒரு தெரு தள்ளி நிறுத்துகிறவன் அன்றைக்குக் கிளினிக்கின் போர்டுக்கு நேர் எதிரே நிறுத்தினான். இறங்கி, சுற்றி வந்து, அம்மா பக்கத்துக் கதவைத் திறந்தான்.

“டிரைவர், நாங்க டவுனுக்குப் போக வேணாமா?” என்று ஒருவர் கத்தினார்.

“அஞ்சு நிமிஷம். பாட்டு வேணும்னா போட்டுக்கங்க.”

“இந்த இடத்துலயா உனக்கு வேலை?” என்றாள் அந்தப் பருத்த பெண்மணி, போர்டைப் படித்துவிட்டு.

“ஆமாம்மா, இங்கதான்” என்றான் அவன்.

டாக்டர் மக்கானியா போனைக் கையில் எடுத்திருந்தார். கதவைத் தட்டாமல் மூன்று பேர் நுழைந்ததும் கீழே வைத்தார்.

“டாக்டர், ஒரு தப்பு நடந்துபோச்சு” என்று தோபிலே ஆரம்பித்தாள். “நான்தான் அவனுக்கு, சந்தையில, வந்து, அவனுக்குத் தெரியாம...”

“இவ பொய் சொல்றா” என்றாள் மாசெலே. பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தாள். “நான்தான் குடுத்தேன். கூழ்ல கலந்து குடுத்தேன். அவனுக்குத் தெரியாது.”

டாக்டர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். யார் காய்ச்சியது, எவ்வளவு ஊற்றினாள், கடைசியாக எப்போது ஊற்றினாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மாசெலே எதையும் மறைக்கவில்லை. கடைசியாக ஊற்றியது இன்று காலை.

“நல்லவேளை வந்தீங்க” என்றார் டாக்டர். “இல்லேன்னா நல்ல மருந்து மேல பழியைப் போட்டிருப்பேன். இதை இன்னையோட நிறுத்தணும். பாட்டில் இங்கயே இருக்கட்டும், சோதனைக்கு அனுப்பறேன். மாத்திரையை இப்ப திருப்பித் தர முடியாது. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி ரத்தம் எடுப்போம். ஈரல் கணக்கு சொன்ன பேச்சு கேட்டு இறங்கி வந்தா, மருந்தைக் குடுங்கன்னு நான் சண்டை போடுவேன்.”

“இறங்கலேன்னா?” என்றான் பெக்கானி.

“வெள்ளிக்கிழமை பேசுவோம்.”

அவன் அம்மாவின் பக்கம் திரும்பினான். “புது மாவுன்னு சொன்னியே.”

“ஆமா.”

“அவ்வளவு கசந்துச்சும்மா.”

“கசந்தா கொட்டியிருக்கலாம்ல?”

“நீ குடுத்ததாச்சே” என்றான்.

தோபிலே முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். வெளியே அவனுடைய வண்டியின் ஹாரனை யாரோ விடாமல் அமுக்கினார்கள். போதாததற்கு அவள் பையில் போனும் அடிக்க ஆரம்பித்தது. பாதித் தலையோடு உட்கார்ந்திருக்கிற டீச்சரம்மாதான். அவள் எடுத்து அணைத்துவிட்டாள்.

“கிளம்பலாம்மா” என்றாள்.

மாசெலே எழுந்திருக்கவில்லை.

“டாக்டர், எனக்கு இன்னொரு பிள்ளை இருந்தான். இவங்களுக்கு மூத்தவன், ஸ்வெலாக்கேன்னு பேரு. உங்க மாத்திரையெல்லாம் வர்றதுக்கு முன்னாடியே போயிட்டான். அவனுக்கும் இதே சந்தையிலதான் வாங்கினேன், இதே கஷாயம்தான். அவனும் கசக்குதும்மா, வேணாம்மான்னான். நான் மூக்கைப் பிடிச்சுக் குடுத்தேன். கடைசியில அவனுக்கும் கண்ணு மஞ்சளாச்சு. இவனைப் பாத்துட்டுக் கஷாயம்தான்னு சொன்னீங்க. அவனைக் கொண்டுபோனது எதுன்னு சொல்லுங்க.”

“அம்மா, அவனுக்கு அப்போ மாத்திரையே இல்லேம்மா” என்றாள் தோபிலே.

“உன்னைக் கேக்கல.”

பெக்கானி அக்காவைப் பார்த்தான். அண்ணனுக்கும் இதே கஷாயம் என்பது அவனுக்குப் புதுச் செய்தி. ஹாரன் இன்னும் அலறிக்கொண்டிருந்தது.

டாக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். தன் நாற்காலிக்குத் திரும்பாமல் மாசெலேயின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் கையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

மாசெலே கையை விடுவித்துக்கொண்டாள்.

“தட்டிக் குடுக்க வேணாம் டாக்டர். கேட்டதுக்குச் சொல்லுங்க.”